பதினைந்து ஏர், பதினைந்து சென்ட்: ஒரு பத்திரப் பிழையும் அதன் வேரும்

போன ஆவணியில் ஆச்சி ஒருவர் என் பத்திர எழுத்து அலுவலகத்துக்கு வந்தார். வயது எழுபதை ஒட்டியிருக்கும். மகனோடு சென்னையில் இருக்கிறார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டி, காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆத்தா தனக்கு எழுதிவைத்த புஞ்சையை விற்க வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்ததுமே அது என் அலுவலகத்தில் எழுதியது என்று தெரிந்துவிட்டது. கடைசித் தாளில், ஆவணம் தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தான செட்டில்மென்ட்.

“வாங்க வந்தவுக பதினஞ்சு சென்ட்டுன்னு வெலை பேசுறாக தம்பி. எங்க ஆத்தா இருந்தப்ப முப்பத்தேழு சென்ட்டும்பாக. எது சரின்னு பாத்துச் சொல்லுங்க.”

சொத்து விவரத்தில் “ஏக்கர் 0.15 சென்ட்” என்று இருந்தது. பட்டாவை வாங்கிப் பார்த்தேன். பரப்பு என்ற தலைப்பின் கீழ் ஹெக்டேர், ஏர் என்று இரண்டு கட்டம். அதில் 0 – 15.00. அவ்வளவுதான் விஷயம். பட்டாவில் இருந்த 15 ஏரை, பத்திரத்தில் 15 சென்ட் என்று இறக்கியிருக்கிறோம். அன்றைக்கு என்னிடம் வேலை பார்த்த பையன் நகல் எழுதினான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். ஆகவே பிழை என்னுடையது.

ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். அது ஏறக்குறைய 2.47 சென்ட். 15 ஏர் என்றால் 37 சென்ட். ஆத்தா சொன்னதுதான் சரி. வாங்க வந்தவர் ஐந்தில் இரண்டு பங்கு நிலத்துக்கு விலை பேசிவிட்டு, நான்குமால், அதாவது நான்கு பக்க எல்லை, சொல்லி முழுப் புஞ்சையையும் எழுதி வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஆச்சிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர், ஊர், புல எண் எதையும் சொல்லப்போவதில்லை. ஒரு பையன் கவனக்குறைவாக எழுதினான், ஒரு எழுத்தர் பார்க்காமல் விட்டார் என்று இதை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏன் இந்தப் பிழை இவ்வளவு சுலபமாக நடந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் அது என் மேசையைத் தாண்டி வெகுதூரம் போகிறது.

ஒரே உடுப்பில் இரண்டு கணக்கு

என் தலைமுறை எழுத்தர்கள் ஏக்கர், சென்ட்டில் பழகியவர்கள். ஒரு ஏக்கருக்கு 100 சென்ட். ஆகவே 15 சென்ட் நிலத்தை “ஏக்கர் 0.15” என்று எழுதுவோம். 1980களில் கிராமம் கிராமமாக நடந்த யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு மேம்பாட்டுப் பணிக்குப் பிறகு பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு எல்லாம் ஹெக்டேர், ஏர் கணக்குக்கு வந்தன. ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர். ஆகவே அதுவும் 0.15 என்றுதான் தாளில் நிற்கும். இரண்டுமே நூறில் பங்கு, இரண்டுக்கும் ஒரே புள்ளி, ஒரே எண். பழைய கண்ணுக்குப் புதிய கணக்கு பழையதாகவே தெரியும்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அரசுப் பதிவேடு ஹெக்டேருக்குப் போனபிறகு சென்ட்டுக்குக் கடைசித் தேதி என்று ஒன்றை யாரும் குறிக்கவில்லை. தாய்ப்பத்திரம் சென்ட்டில், பட்டா ஏரில், தரகர் பேச்சு சென்ட்டில், மனை விற்பனைப் பலகை சதுரடியில். ஆச்சியின் புஞ்சையை விளைச்சல் பங்குக்கு உழுகிற பெரியவரைக் கேட்டால் அவர் இத்தனை மரக்கால் விதைப்பாடு என்கிறார். ஒரே துண்டு நிலத்துக்கு நான்கு நாக்கு. நாற்பது வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

காசு மாறியபோது

இதே ஊர்களில் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று பிசகில்லாமல் நடந்திருக்கிறது. 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தது. அதற்கான சட்டத் திருத்தம் 1955லேயே நிறைவேறிவிட்டது. நாள் குறித்து, நாடு முழுக்கச் சொல்லி, பழைய காசும் புதிய காசும் சில வருஷம் சேர்ந்து செல்லும் என்று வைத்து, பிறகு பழையதை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

அது எவ்வளவு கடினமான காரியம் என்பதை ஒரு வளவில், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில், பாகப்பிரிவினைக்காகப் பழைய கணக்குகளைப் புரட்டியபோது கண்ணால் பார்த்தேன். துன்முகி வருஷத்துப் பேரேடு. தோல் அட்டை, சிவப்பு நூல் கட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ரூ., அ., பை என்று மூன்று பத்தி. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. ஏப்ரல் 1 அந்த வருஷப் பங்குனியில் வந்தது. கணக்கர் அன்றைக்கு எதையும் மாற்றவில்லை. அந்தப் பங்குனி முடிகிறவரை அணாவிலேயே எழுதி, ஐந்தொகை போட்டு மூடிவிட்டு, சித்திரை 1, ஹேவிளம்பி வருஷத்துப் புதுக்கணக்கில் இரண்டே பத்தியாகத் தொடங்கியிருக்கிறார்: ரூ., ந.பை. ஆனால் வரவுப் பக்கத்தில் பழைய காசாக வந்ததை ஓரத்தில் சின்ன எழுத்தில் அணாவாகவும் குறித்திருக்கிறார். பக்கங்கள் போகப்போக அந்த ஓரக்குறிப்பு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றேவிடுகிறது. ஒரு பழைய கணக்கு எப்படி விடைபெற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் பார்த்ததில்லை.

முன் அட்டையின் உள்பக்கத்தில் மாற்றுப் பட்டியல் ஒட்டியிருந்தது. ஒரு அணா 6 ந.பை., இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25, ஆறணா 37, எட்டணா 50. கணக்குப்படி ஒரு அணா ஆறேகால் நயா பைசா. அந்தக் கால் பைசாவுக்குக் காசு கிடையாது. ஓரணாச் சாமானைப் பதினாறு தடவை ஆறு ஆறாக வாங்கினால் 96தான் ஆகும். கடைக்காரருக்கு நாலு பைசா நட்டம். அவர் ஏழு வாங்கினால் 112. வாங்குகிறவருக்குப் பன்னிரண்டு பைசா நட்டம். இந்த உரசல் என்றென்றைக்கும் இருக்கப்போகிறது என்று தெரிந்திருந்தால் ஊர் பொறுத்திருக்காது. இன்ன காலம் வரைதான் என்பது தெரிந்ததால் பொறுத்துக்கொண்டது.

வாய்க்கணக்கும் குறுக்கே நின்றிருக்கும். ஒன்றில் பதினாறில் ஒரு பங்குக்கு மாகாணி என்று பெயர். ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு அணா. கால், அரைக்கால், மாகாணி என்று திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்த வாய்பாடு அணாவுக்கு அச்சாகப் பொருந்தும். நூறாகப் பிரித்த ரூபாயில் அரைக்கால் என்பதே பன்னிரண்டரை. வட்டித்தொழிலில் ஊறிய சீமையில் இந்த வாய்பாட்டைக் கைவிடுவது சின்ன விஷயமில்லை. ஆனாலும் விட்டார்கள். கணக்கு எழுதும் தாளில் பத்தியே இல்லாமல் போனபிறகு எத்தனை நாளைக்கு மனசில் வைத்திருப்பது?

‘நயா’ என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நயா என்றால் இந்தியில் புதிது. காலணாவுக்குப் பைசா என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. ரூபாய்க்கு மாதம் காலணா வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டே முக்கால். புதுக் கணக்கில் ரூபாய்க்கு மாதம் ஒரு பைசா என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு. இரண்டையும் வெறுமனே பைசா வட்டி என்று எழுதியிருந்தால் எத்தனை புரோநோட்டு கோர்ட்டுக்குப் போயிருக்கும்! அதனால்தான் பெயருக்கு முன்னால் ஒரு அடையாளம் ஒட்டினார்கள். ஏழு வருஷம் அது இருந்தது. பழைய பைசாவை நினைத்துக் குழம்புகிறவர் இனி இல்லை என்றான பிறகு, 1964 ஜூன் 1 முதல் நயாவை எடுத்துவிட்டுப் பைசா என்று மட்டும் வைத்தார்கள். அந்த ஒரு சொல் எங்கள் பட்டாவுக்கு வாய்க்கவில்லை.

வீசைக்கல்

எடையும் இப்படித்தான் மாறியது. 1956ல் சட்டம், 1958 அக்டோபரில் தொடக்கம், 1962 ஏப்ரலிலிருந்து மெட்ரிக் எடை கட்டாயம். என் அப்பா பலசரக்குக்கடை வைத்திருந்தார். பழைய கல்லும் புதுக்கல்லும் கடையில் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததாம். பிறகு பழைய கல்லுக்கு முத்திரை போடுவது நின்றது. முத்திரை இல்லாத கல் தராசில் ஏறக் கூடாது. அத்தோடு முடிந்தது.

ஆனால் கேட்கிற வாய் உடனே மாறவில்லை. “கால் வீசை புளி போடுங்க” என்று வந்தவர்களுக்கு அப்பா 350 கிராம் நிறுத்துப் போடுவார். ஒரு வீசை 40 பலம், கிட்டத்தட்ட 1 கிலோ 400 கிராம். பேச்சு பழசு, கல் புதுசு. நாளடைவில், கல்லைப் பார்த்துப் பார்த்தே வாய் கிலோவுக்கு வந்துவிட்டது. அந்த வீசைக்கல் இன்றும் எங்கள் வீட்டில் பின்கட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுக்கக் கிடக்கிறது. படியும் மரக்காலும் உழக்கும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. கல்யாணத்தில் நிறைநாழி வைக்க எடுக்கிறோம். அவற்றால் யாருக்கும் நட்டமில்லை, ஏனென்றால் அவற்றால் இப்போது யாரும் விலை பேசுவதில்லை.

பழைய பெயரை ஒழித்தால்தான் புதுக் கணக்கு நிற்கும் என்று நான் சொல்லவரவில்லை. நாலணா, எட்டணா என்ற பேச்சு காசு மாறிப் பல பத்தாண்டுகள் ஓடியது. 25 காசு நாணயமே 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போனது. அதுவரை அதற்கு நாலணா என்றுதான் பெயர். அதனால் ஒரு குழப்பமும் வரவில்லை, ஏனென்றால் நாலணா என்றால் 25 பைசா, பின்னம் இல்லை. நகைக்கடையில் பவுன் என்கிறோம். ரசீதில் 8 கிராம் என்று நிற்கிறது. பழைய சொல் புதிய அளவுக்கு அடங்கி நடக்கிறது. சென்ட் யாருக்கும் அடங்கவில்லை. ஒரு சென்ட் 435.6 சதுரடி, 40.47 சதுர மீட்டர். ஏருக்கும் அதற்கும் முழு எண்ணில் உறவே இல்லை.

ஒரே ராத்திரியில் வெட்டினால்

சரி, பழையதை ஒரே நாளில் ஒழித்துவிட்டால் என்ன என்று என் மகன் கேட்டான். அதற்கும் எங்கள் சீமையில் பதில் இருக்கிறது. அது கசப்பான பதில்.

மலாயாவில் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டைப் பெட்டகத்தில் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. யுத்தத்துக்கு முன் நம்மவர்கள் அங்கே நல்ல டாலரில் கொடுத்த கடனை அந்த நோட்டில் திருப்பிக் கட்டினார்கள்; அன்றைய நிலையில் வாங்க மறுக்க முடியாது. 1945ல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்த நோட்டுக்கு மதிப்பே இல்லை என்று ஆனது. பிறகு 1948ல், ஆக்கிரமிப்புக் காலத்தில் கட்டிய பணத்தை எந்த விகிதத்தில் கழிப்பது என்று ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. பழையதுக்கும் புதியதுக்கும் இடையில் பாலம் கட்டாமல் விட்டதை, மூன்று வருஷம் கழித்துக் கோர்ட் வழியாகக் கட்டினார்கள். பர்மாவில் 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நம்மவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய காலம் அது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாத் நோட்டுகளை மாற்றிக்கொள்ளவும் வழி வைக்காமல் ஒழித்தார்கள்.

நம் ஊரிலேயே இரண்டையும் பார்த்தோம். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகளை நிறுத்தியபோது, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் போய்விட்டது. என் அலுவலகத்தில் அன்றைக்கு மறுநாள் பதிவுக்கு வைத்திருந்த கிரயங்கள் அப்படியே நின்றன. 2023 மே 19 அன்று 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னபோது, நோட்டு செல்லும், இன்ன தேதிக்குள் வங்கியில் கட்டுங்கள் என்றார்கள். ஒரு பதிவுகூடத் தள்ளிப்போகவில்லை. முதல் தடவை நோட்டுக்கு முடிவு மட்டும் இருந்தது, செலவழிக்க அவகாசம் இல்லை. எங்கள் நிலக் கணக்குக்கு அவகாசம் மட்டும் இருக்கிறது, முடிவு இல்லை.

அலகு சொல்லாத எண் என்ன செய்யும் என்பதற்கு ஆகாயத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1983 ஜூலை 23, கனடாவில் ஏர் கனடா 143ஆம் விமானம். அந்த நாடு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். அந்தப் புது விமானம் கிலோ கணக்கில் ஓடுவது. எரிபொருள் லிட்டரை எடையாக மாற்ற 0.8 என்ற எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். பழக்கப்பட்ட 1.77ஆல் பெருக்கினார்கள். அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற கணக்கு. தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு ஏறி, நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் மிதந்தே இறங்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. 1.77ஐத் தாளில் பார்த்தவர்கள் எல்லோரும் விவரம் தெரிந்தவர்கள்தான். எண் பழக்கமானதாக இருந்தது, அதுதான் ஏமாற்றியது. எங்கள் 15ம் அப்படித்தான்.

தம்பியின் பத்திரம்

ஆச்சியின் பத்திரத்தைத் திருத்த வேண்டுமானால் எழுதிக்கொடுத்த ஆத்தா இல்லை. வாரிசு என்ற முறையில் ஆச்சியின் உடன்பிறந்த தம்பியின் கையெழுத்து வேண்டும். அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்டவர் இல்லை, பத்திரத்தை நம்பினார்.

“ஆத்தா ஒங்களுக்குப் பதினஞ்சுதானே எழுதியிருக்காக ஆச்சி. மிச்சம் பொதுவுலதானே இருக்கு?”

நான்குமாலை வாசித்துக் காட்டினேன். கிழக்கே கண்மாய்க்கரைப் பாதை, மேற்கே தம்பியின் புஞ்சை, முழுத் துண்டும் அதற்குள் அடங்குகிறது என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே, எண் எண்தானே என்றார். அளந்துவிடலாம் என்று மனுப் போட்டோம். நில அளவர் வருவதற்கு இரண்டு மாதம். அதுவரை ஆச்சி சென்னைக்கும் காரைக்குடிக்குமாக அந்த முழங்காலோடு அலைந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் வருவதில்லை.

அளவர் வந்தபோது நானும் போயிருந்தேன். நாடாவில் ஒரு பக்கம் மீட்டர், மறுபக்கம் அடி. 50 மீட்டருக்கு 30 மீட்டர் என்று வந்தது. தம்பி நாடாவைத் திருப்பி அடியில் பார்த்தார்: 164க்கு 98. மனதில் பெருக்கினார் போலிருக்கிறது. பதினாறாயிரத்துக்கு மேல் சதுரடி. பதினைந்து சென்ட் என்றால் ஆறாயிரத்து ஐந்நூறைத்தான் தாண்டும். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “என்னோடதையும் ஒரு தடவை பாத்துருங்க” என்றார்.

மறுநாள் தன் பத்திரத்தோடு வந்தார். அதே நாளில், அதே ஆத்தா, அதே என் மேசையில் எழுதியது. பட்டாவில் 0 – 22.50. பத்திரத்தில் இருபத்திரண்டரை சென்ட். உண்மையில் 55 சென்ட்டுக்கு மேல். அதைத் திருத்த அவருக்கு ஆச்சியின் கையெழுத்து வேண்டும்.

கார்த்திகையில் இரண்டு பிழைத்திருத்தல் பத்திரமும் ஒரே நாளில் பதிவாயின. எழுத்துக்கூலி வாங்கவில்லை, செலவும் என்னுடையது. பரப்பை எண்ணிலும் எழுத்திலும் சதுர மீட்டரில் முதலில் எழுதி, அதற்குச் சரியான சென்ட்டை அடுத்த வரியில் எழுதினேன். இப்போது எல்லாப் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதுகிறேன். “0.15” என்று மொட்டையாக ஒரு எண் என் அலுவலகத்திலிருந்து போவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பார்க்கிற சக எழுத்தர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிரயம் பேசுகிறவர்கள் மட்டும் சென்ட் என்ன விலை என்றே கேட்கிறார்கள். அரசின் வழிகாட்டி மதிப்பிலும் பழைய அலகும் மெட்ரிக் அலகும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு தேதி குறித்து, அதற்குப் பிறகு பதிவாகும் சொத்து விவரத்தில் சதுர மீட்டர் மட்டுமே என்று சட்டம் சொன்னால், மூன்று நான்கு வருஷத்தில் வாய் தானே திரும்பும். என் அப்பாவின் கடையில் திரும்பியதைப் போல.

அந்தப் பையன் என்னிடம் இருந்த காலத்து நகல்களை மார்கழி முழுக்க உட்கார்ந்து பட்டாவோடு ஒப்பிட்டேன். இதே பிழை இன்னும் நான்கு பத்திரங்களில் இருந்தது. மூன்று குடும்பத்துக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். நான்காவது குடும்பத்தின் வளவு பூட்டிக் கிடக்கிறது. பங்காளி ஒருவரிடம் கேட்டு மலேசியாவில் ஈப்போ முகவரி வாங்கித் தை மாதம் பதிவுத் தபாலில் பட்டா நகலும் கடிதமும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.